கள்ளுக்கு ஊர்ப்பெயர் இல்லை

ஒயின் புட்டியைக் கையில் எடுத்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது ஓர் ஊரின் பெயர். போர்தோ, பர்கண்டி, ரியோஹா. பிரான்ஸ்காரர்கள் 1855லேயே போர்தோ பகுதித் தோட்டங்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியல் இன்றைக்கும் பெரிய மாற்றம் இல்லாமல் புழங்குகிறது. இந்தியாவில் நாசிக்கை ஒயின் ஊர் என்று சொல்ல ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்த மண், எந்தச் சரிவு, எந்த வருஷத்து மழை என்று பேசுவதற்கென்றே ஒரு மொழி வளர்ந்திருக்கிறது.

மலேசியாவில் ஒயினுக்கான திராட்சை விளைவதில்லை. ஆனால் நூறு வருஷத்துக்கும் மேலாக இங்கே ஒரு ஒயின் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தானியத்தை ஊறவைத்துக் காய்ச்சாமல், இனிப்புச் சாற்றை அப்படியே நொதிக்க விட்டால் கிடைப்பது ஒயின் என்றால், தென்னங்கள்ளும் அந்தக் குடும்பம்தான். தமிழர்கள் இறக்கினார்கள், தமிழர்கள் குடித்தார்கள், தமிழர்களே அதை மூடச் சொல்லி அடியும் வாங்கினார்கள். ஆனால் பாகான் டத்தோ கள், நிபோங் திபால் கள் என்று யாரும் ஊர் சொல்லிக் கேட்டதாகத் தெரியவில்லை. தோட்டத்தில் எல்லாக் கள்ளுக்கும் ஒரே பெயர், அதுவும் குரலைத் தாழ்த்திச் சொல்கிற பெயர்.

இதற்குக் காரணம் நம்ம ஆட்களின் ஒழுக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. வெள்ளைக்காரனின் சூழ்ச்சி என்று சொல்பவர்களும் உண்டு. நான் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். எந்தப் பொருளை எடுத்தாலும் அது எத்தனை நாள் தாங்கும் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். கள்ளின் சரித்திரத்துக்குள் நுழைய எனக்கு அந்தக் கேள்வி போதுமாக இருந்தது.

தென்னம்பாளை விரிவதற்கு முன்பே அதை இறுகக் கட்டி, நாள்தோறும் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவினால் சாறு சொட்டத் தொடங்கும். காலையும் மாலையும் மரமேறிச் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினால் சீவிய வாய் அடைத்துக்கொள்ளும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் மரத்து மேலேயே வேலையை ஆரம்பித்துவிடும். இறங்கும் சாற்றில் சர்க்கரை பத்து முதல் பதினைந்து விழுக்காடு. சில மணி நேரத்தில் அது நான்கைந்து விழுக்காடு ஆல்கஹால் உள்ள கள்ளாகிறது. சாயங்காலம் கடுக்கும். மறுநாள் அசிட்டிக் அமில பாக்டீரியா கை ஓங்கி, புளிப்பு ஏறி, வினிகர் பக்கம் போய்விடும். புட்டியில் அடைத்து வைக்கலாமே என்றால் அதுவும் நடக்காது. நொதித்தல் நிற்காததால் கரியமில வாயு சேர்ந்து மூடியைத் தள்ளும், புட்டி வெடிக்கவும் செய்யும்.

திராட்சை ஒயின் இதற்கு நேர்மாறு. வருஷத்துக்கு ஒரு அறுவடை, பன்னிரண்டு பதின்மூன்று விழுக்காடு ஆல்கஹால், தோலிலிருந்து வரும் துவர்ப்பு, போதுமான அமிலம். பீப்பாயில் மூடி வைத்தால் வருஷக்கணக்கில் தாங்கும். அதுவும் புளித்துக் கெடுகிறது என்று வந்தபோது 1860களில் லூயி பாஸ்டரே உட்கார்ந்து ஆராய்ந்து, மிதமாகச் சூடாக்கினால் கெடாது என்று வழி சொன்னார். பாஸ்டர்முறை என்று நாம் பாலுக்குச் சொல்வது ஒயினைக் காப்பாற்றப் பிறந்தது. கெடாத பொருள் கப்பலேறும். கப்பலேறுகிற பொருளுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு பெயர் வேண்டும்.

தென்னையின் சாறும் பெயர் வாங்கிய இடங்கள் இல்லாமல் இல்லை. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் கோவா சாராயம், கொழும்புச் சாராயம் என்று ஊர்ப்பெயரோடு விற்றார்கள். கள்ளைக் காய்ச்சி வடித்துவிட்டால் அது கெடாது, அவ்வளவுதான் வித்தியாசம். இலங்கையில் சாராயக் குத்தகை எடுத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் பெரும் பணம் சேர்த்து, தோட்டங்கள் வாங்கி, பிள்ளைகளைச் சீமைக்குப் படிக்க அனுப்பினார்கள். அந்த நாட்டு மேல்தட்டின் வேர் எப்படிச் சாராயப் பணத்தில் இருக்கிறது என்று குமாரி ஜயவர்த்தன ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மலாயாவில் அப்படி ஒரு கள்ளுக் கோமான் கூட்டம் உருவாகவே இல்லை. பணம் வேறு பக்கம் போனது.

சங்க காலத்தில் கள்ளைப் பற்றி இந்தக் கூச்சம் கிடையாது. அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதை ஔவை அவன் இறந்தபின் நினைத்துப் பாடுகிறாள். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும்போது யவனர் கொண்டுவந்த மதுவும் வருகிறது. அரிக்கமேட்டில் மண்ணைத் தோண்டினால் மத்தியதரைக் கடல் ஒயின் ஜாடிகளின் ஓடுகள் கிடைக்கின்றன. அப்போதே வெளியூர் ஒயினும் உள்ளூர்க் கள்ளும் அருகருகே இருந்தன என்பதும், ஊர் அடையாளத்தோடு வந்தது ஜாடிக்குள் இருந்ததுதான் என்பதும் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகிறது. பிறகு திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஒரு தனி அதிகாரமே வந்துவிட்டது. நம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது அந்த அதிகாரத்தைத்தான், ஔவையை அல்ல.

பினாங்கில் மதுவின் கணக்கு ஆங்கிலேயர் காலூன்றியபோதே தொடங்குகிறது. கம்பெனி ஆட்சிக்குச் சம்பளம் கொடுக்கவும் சாலை போடவும் காசு வேண்டும். சுங்கம் இல்லாத துறைமுகம் என்று அறிவித்தாகிவிட்டது. ஆகவே அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றை ஏலம் விட்டுக் குத்தகைப் பணம் வசூலித்தார்கள். கள்ளும் பங்கியும் இந்தக் குத்தகை வரிசையில் சேர்ந்தன. அபினி சீனத் தொழிலாளிக்கு, கள் தமிழ்த் தொழிலாளிக்கு. இரண்டு பேரின் களைப்பிலிருந்தும் நகரத்துக்கு வருமானம்.

தண்ணீருக்கு இந்தப் பக்கம், நான் இருக்கிற செபராங் பிறையில், 1840களிலிருந்து ஐரோப்பியரின் கரும்புத் தோட்டங்கள் பெருகின. பத்து காவான், நிபோங் திபால், பிறை வட்டாரங்களில் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வந்தார்கள். ஆலையில் சர்க்கரையோடு ரம்மும் வடித்தார்கள். அதாவது இந்த மாநிலத்தில் தமிழர் உழைப்பில் உருவான முதல் ஏற்றுமதி மது ரம். பீப்பாயில் அடைத்துக் கப்பலேறிய சரக்கு. வெட்டியவனுக்கு அது எட்டவில்லை. 20ஆம் நூற்றாண்டு தொடங்கியதும் கரும்பு போய் ரப்பர் வந்தது. ஜுரு, சிம்பாங் அம்பாட் பக்கம் இன்றைக்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தொழிற்பேட்டைக் கூரைகள்தான் தெரியும். அவற்றில் பல நிற்கிற நிலம் கரும்பாக இருந்து, ரப்பராக மாறி, பிறகு செம்பனையாகி, கடைசியில் கிடங்கானது.

ரப்பர் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அங்கே ஒரே நாளில் இரண்டு மரங்களிலிருந்து இரண்டு வெள்ளைத் திரவம் இறங்கியது. விடியுமுன் வெட்டிய ரப்பர் பால், காலையும் மாலையும் சீவிய தென்னங்கள். இரண்டையும் கத்தி பிடித்த தமிழன்தான் இறக்கினான். இரண்டும் பாக்டீரியா பட்டால் ஒரு நாள் தாங்காது. ரப்பர் பால் கெடாமலிருக்க அமோனியா கலந்தார்கள், அல்லது ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூண்டில் உலர்த்தினார்கள். தகடுக்குத் தர எண் கொடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே கட்டினார்கள். கள்ளுக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. கள் கெடாமல் பாதுகாக்க வேண்டிய அவசியம் தோட்டத்துக்கு இல்லை. அன்றைக்கு இறக்கியது அன்றைக்கே, அங்கேயே, பால் வெட்டிவிட்டு வந்தவனிடம் விற்றுத் தீர்ந்தது.

கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கெட்டுப்போகிற சரக்கை முப்பது மைல் தள்ளி வைத்து விற்க முடியாது. மரம், கடை, குடிக்கிறவன் மூன்றும் நடை தூரத்தில் இருந்தாக வேண்டும். நகரங்களில் அரசாங்கமே கள்ளுக்கடை நடத்தியது. தோட்டங்களில் நிர்வாகத்துக்கு உரிமம். யாருக்கு எவ்வளவு, எத்தனை மணிவரை என்பதெல்லாம் விதியாக எழுதப்பட்டது. கூலி கொடுப்பவரும் கள்ளுக்கடை உரிமக்காரரும் ஒரே ஆள்.

1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதில் சாயங்காலக் குவளைக்குப் போனது தோட்ட எல்லையைத் தாண்டவே இல்லை. கிராணி மேசையில் கையெழுத்துப் போட்டு வாங்கிய காசு, ஐம்பது கஜம் நடந்து மறுபடியும் தோட்டத்துக் கணக்குக்கே திரும்பியது. பொறியியலில் இதை மூடிய சுற்று என்போம். வெளியே கசிவது குறைவாக இருந்தால் இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம்.

தோட்டக் கள்ளுக்கடை லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. கோவில் திருவிழா, பந்து விளையாடும் திடல் என்றெல்லாம் அந்தப் பணம் போனது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதிகம் குடித்த லயத்தின் காசில்தான் திருவிழாவுக்கு மேளம் வந்திருக்கிறது. அந்தத் திருவிழாவில் மாலை மரியாதை துரைக்கு. இதைவிடச் சுத்தமான கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

துரைமார்கள் எல்லாரும் கள்ளை விரும்பினார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். திங்கட்கிழமை ஆள் வரவில்லை என்றால் அவர்களுக்கும்தான் நஷ்டம். சிலாங்கூர்க் கரையோர மாவட்டங்களில் கள் தவறாகப் பயன்படுகிறது என்ற குற்றச்சாட்டை விசாரிக்க ஓர் ஆணையமே அமைந்து, 1917ல் அதன் நடவடிக்கைக் குறிப்பு அச்சானது. ஆணையம் போடுகிற அளவுக்கு விஷயம் முற்றியிருக்கிறது. ஆனாலும் கடைகள் போகவில்லை. கள்ளை ஆதரித்தவர்கள் இரண்டு வாதம் வைத்திருந்தார்கள். ஒன்று, கள்ளில் ஈஸ்ட் இருக்கிறது, வைட்டமின் இருக்கிறது, அது கூலிக்காரனுக்குச் சத்து. இரண்டாவது, கள்ளை மூடினால் அவன் கள்ளத்தனமாகக் காய்ச்சிய சம்சுவுக்குப் போவான். முதல் வாதம் பாதி உண்மை. நொதித்த சாற்றில் பி வகை வைட்டமின்கள் உண்டுதான். ஆனால் சத்துக் குறைவுக்குச் சோறும் பருப்பும் காய்கறியும் கொடுக்கலாமே என்ற எண்ணம் அந்த வாதத்துக்குள் வரவே வராது. இரண்டாவது வாதத்துக்குப் பிறகு வருகிறேன், அது அவ்வளவு லேசாகத் தள்ளிவிடக் கூடியதல்ல.

எதிர்ப்பும் கடல் கடந்துதான் முதலில் வந்தது. 1921ல் கள்ளுக்கடை மறியல் காலத்தில் சேலம் பக்கம் தாதம்பட்டியில் தன் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை ஈ.வெ.ராமசாமி வெட்டிச் சாய்த்தார். அதே பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் கப்பலிலிருந்து இறங்கினார். சாதி, மூடநம்பிக்கை, குடி ஆகிய மூன்றும் அந்தக் காலத்துச் சீர்திருத்த மேடைகளில் ஒன்றாகவே பேசப்பட்டன. 1936ல் உருவான மத்திய இந்தியர் சங்கமும் கள்ளுக்கடைகளை ஒழிக்கச் சொன்னது. இவர்கள் பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்கள். கள்ளுக்கடைக்குள் நுழைய அவசியமில்லாதவர்கள். இவர்களை மட்டும் வைத்து இந்தக் கதையைச் சொன்னால், மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைத் திருத்திய கதையாக முடிந்துவிடும்.

1941 அதை மாற்றுகிறது. அந்த வருஷம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. ஆர்.எச்.நாதன் என்ற பத்திரிகையாளர் முன்னின்றார். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் ஒரு தோட்டத்தின் முழு வாழ்க்கையும் தெரியும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. கொடுமைக்காரக் கிராணிகளை மாற்ற வேண்டும். எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி. சரியான மருத்துவ வசதி. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம். கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

சைக்கிளும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். குடி கெட்டது, உடம்புக்கு ஆகாது என்று அவர்கள் மனு எழுதவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சைக்கிள் ஓட்டுகிற உரிமையோடு சேர்த்துக் கள்ளுக்கடையை மூடுவதையும் கேட்டார்கள். அவர்களுக்கு அந்தக் கடை தோட்ட ஆட்சியின் ஒரு கிளை. மே மாதம் நாதன் கைதானார், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து இந்தியத் துருப்புகளை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டதால் அந்த மே மாதம் நம் நினைவிலிருந்தே நழுவிப்போனது.

போர் முடிந்து திரும்பிவந்த தோட்ட நிர்வாகம் பழைய ஆளைப் பார்க்கவில்லை. சயாம் மரண ரயில் பாதையில் பாதிச் சொந்தத்தைப் பறிகொடுத்தவன், இந்திய தேசிய ராணுவத்தில் அணிவகுப்புப் பழகியவன் என்று ஒரு தலைமுறை லயத்தில் இருந்தது. கெடாவில், பெடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்திலிருந்து ஏ.எம்.சாமி என்பவர் தொண்டர் படையைக் கட்டினார். இளைஞர்கள், பெண்களும் உண்டு. காலையில் அணிவகுப்பு, மாலையில் தமிழ் வகுப்பு, லயத்துச் சண்டைகளுக்குப் பஞ்சாயத்து, குடித்துவிட்டு வந்தால் தண்டனை. தண்டனை மென்மையாக இருந்தது என்று சொல்ல முடியாது. எனக்கு அதில் எல்லாமே உடன்பாடு என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் சம்பள நாள் இரவில் அரிசிக் காசு வீடு வந்து சேருமா என்று வாசலில் காத்திருந்த ஒரு பொம்பளைக்கு, இந்தப் படை என்னவாகத் தெரிந்திருக்கும் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

1947 பிப்ரவரி 28ஆம் தேதி தொண்டர் படையினர் பெடோங் கள்ளுக்கடையை மறிக்கப் போனார்கள். போலீஸ் தடுத்தது, கைகலப்பு, அதில் பட்ட காயத்தால் ஒரு தொழிலாளி இறந்தார். சில நாட்களில் போலீஸ் ஹார்வார்ட் தோட்டத்துக்குள்ளேயே புகுந்தது. பலருக்குக் காயம், கூட்டம் கூட்டமாகக் கைது, வழக்கு, சிறை. ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் இன்னொரு உயிர் போனது. நிர்வாகங்கள் இதைத் தனியார் ராணுவம் என்றன, கம்யூனிஸ்டுகளின் வேலை என்றன. அடுத்த வருஷம் அவசரகாலச் சட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. கள்ளுக்கடையைத் தவிர.

ஒரு பானத்தை விற்கக் கூடாது என்று கேட்டதற்காக ஒருவன் சாகிற நிலை வந்தால், அந்தப் பானம் அங்கே வெறும் பானமாக இல்லை. காலனி அரசு வழக்கமாக ஒழுக்கம் போதிக்கும். நீ குடிகாரன், அதனால்தான் முன்னேறவில்லை என்று சொல்லும். இங்கே தமிழன் குடிக்க மாட்டேன் என்று வரிசைகட்டி நின்றபோது அது தடி எடுத்தது. சோம்பேறிக் குடிகாரத் தமிழன் என்ற படத்தை நாமே பிற்பாடு சினிமாவிலும் மேடை நாடகத்திலும் எடுத்து ஓட்டினோம். பெடோங்கைப் பற்றி ஒரு பாட்டுக்கூட நம் வானொலியில் நான் கேட்டதில்லை.

இப்போது அந்த இரண்டாவது வாதம். கள்ளை மூடினால் சம்சு வரும் என்றார்கள். வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தென்னை போய்ச் செம்பனை வந்து, மரமேறத் தெரிந்தவர்கள் வயதாகிப் போக, கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்த இடத்தில் சிறு புட்டிச் சம்சு வந்து உட்கார்ந்தது. நாற்பது விழுக்காடு வரை ஆல்கஹால், மருந்துபோல் பெயர், மளிகைக் கடை அலமாரியிலேயே கிடைக்கும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக இதற்கு எதிராக எழுதியும் பேசியும் வருகிறது. 2017 டிசம்பரில்தான் மது வாங்கும் வயது 21 ஆனது, இந்த வகைச் சரக்கைச் சிறு புட்டியில் விற்பதற்கும் தடை வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் மியன்மார், நேப்பாளம், வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில் இன்றைக்கு நிற்பவர்கள்.

ஆக, கள்ளை ஆதரித்தவர்கள் சொன்னது பலித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்சு தாங்கும் சரக்கு, அதனால் எங்கேயும் போகும். கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் கூலியையும் பள்ளியையும் மருத்துவத்தையும் சேர்த்தே கேட்டார்கள். அந்தப் பட்டியலில் கடைசி வரியை மட்டும் காலம் நிறைவேற்றி வைத்தது, மற்றதை விட்டுவிட்டது. உடம்பு வலிக்கு மருந்தாக இருந்ததை எடுத்துவிட்டு வலியை அப்படியே வைத்தால் வேறு மருந்து தேடத்தான் செய்வான். தமிழ்நாட்டிலும் இதே கோலம்தான். 1987 ஜனவரி முதல் அங்கே கள்ளுக்குத் தடை, ஆலையில் தயாரித்த பிராந்தியும் விஸ்கியும் அரசாங்கக் கடையிலேயே ஓடுகிறது. மரம் வைத்திருக்கிற விவசாயி கள் இறக்க அனுமதி கேட்டுப் போராடுகிறார். எல்லை தாண்டிக் கேரளாவில் கள்ளுக்கடை திறந்திருக்கிறது. ஒரு வேலைக்காரனின் பானத்தை மூடுவது சுலபம், ஆலையின் பானத்தை மூடுவதுதான் கஷ்டம்போல.

நம் நாட்டுக்குள்ளேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது. சரவாக்கில் இபான் மக்கள் புளுட் அரிசியையும் ராகி என்கிற நொதியுருண்டையையும் வைத்துத் துவாக் செய்கிறார்கள். ஜூன் 1ஆம் தேதி காவாய் திருநாளில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதல் மரியாதை அதுதான். சபாவில் கடசான் மக்களுக்கு லிஹிங். இதையெல்லாம் சுற்றுலாத் துறை பெருமையாகக் காட்டுகிறது, புட்டியில் அடைத்து விமான நிலையத்தில்கூட வாங்கலாம். துவாக் கொஞ்சம் தாங்கும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், துவாக்கை அவரவர் வீட்டில் பாட்டிமார் அவரவர் நெல்லில் செய்தார்கள். துரை உரிமம் எடுத்து விற்கவில்லை. நம் கள்ளுக்கு வீடு இருந்ததே இல்லை, கடைதான் இருந்தது.

இன்றைக்கும் ஜுருவின் கடலோரக் கம்பங்களில் தென்னை நிற்கிறது. ஆனால் வடக்கே சுங்கை பட்டாணி வரைக்கும், தெற்கே பேராக் முழுக்கவும், கண்ணுக்கு எட்டியதெல்லாம் செம்பனை. இந்த நாட்டில் செம்பனையை வணிக அளவில் முதன்முதலில் நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். சிலாங்கூரில், 1917ல். கள்ளை விசாரித்த ஆணையத்தின் குறிப்பு அச்சான அதே மாநிலம், அதே வருஷம். இவர் பிறந்தது பிரான்ஸில் கொன்யாக் பிராந்திக்குப் பேர்போன சரந்த் பகுதியில். பிராந்திக்கு ஊர்ப்பெயர் வைத்த மண்ணின் பிள்ளை. பிற்பாடு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி 1930ல் கோன்கூர் பரிசு வாங்கினார். அவர் செம்பனை நட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கில எழுத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது, தமிழ் என்று தெரியாமலே பலர் உச்சரிக்கிறார்கள்.

செம்பனையின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. நைஜீரியாவிலும் கானாவிலும் அந்த மரத்திலிருந்தும் கள் இறக்குகிறார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அது வேண்டும். அமோஸ் டுட்டுவோலா எழுதி 1952ல் வெளிவந்த நாவலின் நாயகன் ஒரு கள் குடியன். அவனுக்குக் கள் இறக்கித் தந்தவன் மரத்திலிருந்து விழுந்து செத்துவிட, அவனைத் தேடிச் செத்தவர்களின் ஊருக்கே போகிறான். ஆக இந்த நாட்டுத் தோட்டங்கள் முழுக்க இன்றைக்கும் கள் தருகிற மரம்தான் நிற்கிறது. எண்ணெய்க்காக மட்டும் வளர்க்கிறோம்.

இருபத்தைந்து வருஷம் ஆனதும் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். ஆப்பிரிக்காவில் சாய்த்த மரத்தின் தண்டிலிருந்தே சாறு எடுத்துக் கள்ளாக்குகிற வழக்கம் உண்டு. இங்கே இயந்திரம் வந்து தண்டைத் துண்டு துண்டாகச் சீவி, வரிசையாகக் குவித்து, மக்கட்டும் என்று விட்டுவிடும். அந்தத் தண்டின் சாற்றில் சர்க்கரை நிறைய இருக்கிறது. அதை நொதிக்க வைத்து எத்தனால் எடுக்கலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்களும் நம்ம ஊர் ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டுபிடித்துக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். வாகன எரிபொருளுக்கு.